வேட்டைத் துப்பாக்கியோடு விவசாயிகளைத் தேடிப் போனவர்... வயல்வெளிப் பறவைகளின் கதையை மாற்றிய ஆல்டோ லியோபோல்ட் யார்?

பறவைகளைக் காப்பாத்தணும்னா என்ன செய்யணும்? வேட்டைக்குத் தடை போடணும், காட்டைச் சுற்றி எல்லை போட்டு சரணாலயம்னு பலகை வைக்கணும். நம்மில் பெரும்பாலானவங்க சொல்ற பதில் இதுதான்.

ஆனா எல்லாப் பறவையும் காட்டில் இருக்கிறதில்லை. புல்வெளியில், வயல் வரப்பில், வேலியோரப் புதரில் தரையிலேயே கூடு கட்டி வாழும் பறவைகள் ஏராளம். அவை குடியிருக்கும் இடம் வனத்துறைக்குச் சொந்தமில்லை, விவசாயிக்குச் சொந்தம். அப்போ அந்தப் பறவைகளுக்கு யார் பொறுப்பு?

கிட்டத்தட்ட 100 வருஷத்துக்கு முன்னாடியே இந்தக் கேள்வியைக் கையில் எடுத்து, பதில் தேடி அமெரிக்காவின் கிராமம் கிராமமாகப் போனவர்தான் ஆல்டோ லியோபோல்ட். வனவிலங்கு மேலாண்மை என்ற படிப்பே இன்று இருக்கிறது என்றால் அதற்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர். யார் இவர்? என்ன செய்தார்? பார்க்கலாம்.

வேட்டைக்காரரின் மகன்

1887-ம் ஆண்டு ஜனவரி 11-ம் தேதி, அமெரிக்காவின் ஐயோவா மாகாணத்தில் உள்ள பர்லிங்டன் என்ற ஊரில் பிறந்தார் லியோபோல்ட். மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஒரு மேட்டின் மேல் வீடு. நான்கு பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர்.

அப்பா கார்ல், மேசை தயாரிக்கும் தொழில் செய்தவர். தீவிர வேட்டைக்காரர். ஆனா தனக்கென்று சில கட்டுப்பாடுகள் வைத்திருந்தார். வசந்த காலம் என்பது வாத்துகள் இனப்பெருக்கத்துக்காக வடக்கே போகும் நேரம். அந்த சமயத்தில் சுடக் கூடாது என்று சட்டம் வருவதற்கு முன்பே, அவராகவே சுடுவதை நிறுத்திவிட்டார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இந்த விஷயம் மகன் மனதில் ஆழமாகப் பதிந்தது. பின்னாளில் லியோபோல்ட் பேசிய பெரிய தத்துவத்தின் விதை இதுதான் என்று சொல்லலாம்.

சின்ன வயதிலிருந்தே பறவைகளைப் பார்த்து நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் படித்து 1909-ல் முதுகலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு அமெரிக்க வனத்துறையில் வேலை கிடைத்தது. போஸ்டிங், அப்போது தனி மாகாணமாகக்கூட ஆகாத அரிசோனா.

ஓநாயைச் சுட்ட கை

அந்தக் காலத்து வனத்துறையின் கணக்கு ரொம்ப சிம்பிள். ஓநாய், மலைச்சிங்கம் எல்லாவற்றையும் ஒழித்தால் மான் பெருகும். மான் பெருகினால் வேட்டைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். லியோபோல்டும் இதை நம்பினார். கண்ணில் பட்ட ஓநாயைச் சுட்டார். கடைசி ஓநாய் வரை ஒழிக்க வேண்டும் என்று பிரசாரமும் செய்தார்.

1912-ல் எஸ்டெல்லா பெர்கெரே என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டே, குதிரையில் வெளியூர் வேலையாகச் சென்றவர் புயல் மழையில் சிக்கினார். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தான நிலை. வேலைக்குத் திரும்ப ஒரு வருஷத்துக்கும் மேல் ஆனது. படுக்கையில் இருந்த அந்த நாட்களில் நிறைய படித்தார், யோசித்தார். திரும்பி வந்த பிறகு அவருடைய கவனம் மரங்களிலிருந்து விலங்குகள், பறவைகள் பக்கம் திரும்பியது.

1924-ல் அவருடைய முயற்சியால் நியூ மெக்சிகோவின் கீலா பகுதி, சாலை போடக் கூடாத கன்னி நிலமாக அறிவிக்கப்பட்டது. தேசிய வனத்துக்குள் இப்படி ஒரு பகுதியை ஒதுக்கியது அமெரிக்காவில் அதுவே முதல் முறை. அதே ஆண்டு விஸ்கான்சின் மாகாணத்தின் மேடிசன் நகருக்கு மாற்றலானார். அங்கேதான் வயல்வெளிகளோடு அவருடைய வாழ்க்கை இணைந்தது.

8 மாகாணங்கள், ஒரே கேள்வி

1928-ல் வனத்துறை வேலையை விட்டார். துப்பாக்கி, தோட்டா தயாரிக்கும் நிறுவனங்களின் கூட்டமைப்பு அவருக்கு ஒரு வேலை கொடுத்தது. வேட்டைப் பறவைகளும் விலங்குகளும் ஏன் குறைகின்றன என்று ஆய்வு செய்ய வேண்டும். பறவை இல்லாமல் போனால் தோட்டா யார் வாங்குவார்கள் என்ற கவலை அந்த நிறுவனங்களுக்கு.

மினசோட்டா, ஐயோவா, விஸ்கான்சின், மிஷிகன், இல்லினாய்ஸ், இண்டியானா, ஒஹையோ, மிசூரி என 8 மாகாணங்களைச் சுற்றினார். விவசாயிகள், வேட்டைக்காரர்கள், அதிகாரிகள் என எல்லோரிடமும் பேசினார். 1931-ல் அறிக்கை வெளியானது.

அதில் அவர் கண்டுபிடித்தது என்ன? பறவைகள் குறைவதற்கு வேட்டை மட்டும் காரணமில்லை. விவசாயம் செய்யும் முறை மாறியதுதான் பெரிய காரணம்.

இதைப் புரிந்துகொள்ள பாப்வைட் என்ற காடையை எடுத்துக்கலாம். நம்ம ஊர் காடை மாதிரியே தரையில் மேயும், தரையில் கூடு கட்டும். ரொம்ப தூரம் பறந்து போகாது. அதனால் அதற்கு வேண்டிய எல்லாமே நடந்து போகும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். மேய தானியம் சிந்திய நிலம், கூடு கட்ட உயரமான புல், பருந்து வந்தால் ஒளிந்துகொள்ளப் புதர், பனிக்காலத்தில் தங்க அடர்ந்த மறைவு. இதில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றவை இருந்து பயனில்லை.

பழைய பண்ணைகளில் இவை எல்லாமே தானாக இருந்தன. வயல்களுக்கு நடுவே உயிர்வேலி இருந்தது, வேலியோரம் புல்லும் களைச்செடியும் வளர்ந்து கிடந்தன. பிறகு கம்பிவேலி வந்தது, உயிர்வேலியை வெட்டினார்கள். ஓரங்கள் வரை உழுதார்கள். ஈரநிலங்களை வடிகால் வெட்டி காய வைத்தார்கள். பார்க்க சுத்தமாக, ஒழுங்காக இருந்த அந்தப் பண்ணையில் காடைக்கு ஒளிய இடமில்லை. ஒரு குண்டுகூட சுடாமலேயே பறவை காணாமல் போனது.

இரண்டு வகை நிலம் சந்திக்கும் ஓரங்களில்தான் இந்த மாதிரி உயிர்கள் அதிகம் இருக்கும் என்பதை லியோபோல்ட் விளக்கினார். ஓர விளைவு என்ற இந்தக் கருத்தை 1933-ல் வெளியான கேம் மேனேஜ்மென்ட் என்ற தனது புத்தகத்தில் விரிவாக எழுதினார். அந்தத் துறையின் முதல் பாடப்புத்தகம் அதுதான்.

ஒரு டம்ளர் தண்ணீரில் தொடங்கிய கூட்டணி

அறிக்கை எழுதியாச்சு. விவசாயி அதைப் படித்துவிட்டு வேலியை வெட்டாமல் விடுவாரா? இதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு 1931-ல் வந்தது.

மேடிசனுக்குப் பக்கத்தில் ரைலி என்ற கிராமத்தில் வேட்டைக்கு இடம் தேடிப் போன லியோபோல்ட், தண்ணீர் கேட்டு ஒரு பண்ணை வீட்டில் நின்றார். நகரத்திலிருந்து வரும் வேட்டைக்காரர்கள் கேட்காமலேயே நிலத்துக்குள் புகுந்துவிடுகிறார்கள் என்பது அந்த விவசாயியின் புகார். லியோபோல்டுக்கோ பறவை இல்லையே என்ற குறை. இரண்டு பேரின் பிரச்னைக்கும் ஒரே தீர்வு இருப்பது பேச்சில் புரிந்தது.

அக்கம்பக்கத்து விவசாயிகளும் நகரத்துக்காரர்கள் சிலரும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள். நிலம் விவசாயிகளுடையது, செலவு நகரத்துக்காரர்களுடையது. பனிக்காலத்தில் பறவைகளுக்குத் தானியம் வைத்தார்கள். புதர்களும் மரக்கன்றுகளும் நட்டார்கள். ஆடு மாடு மேயாதபடி சில மூலைகளை விட்டு வைத்தார்கள். வேட்டை உரிமை உறுப்பினர்களுக்கு மட்டும், அதுவும் அளவோடு. தெரியாத ஆட்கள் புகுந்தால் தடுக்க இப்போது ஆள் இருந்தது.

பல வருஷங்கள் இது நடந்தது. பறவை விவசாயிக்கு இடைஞ்சல் இல்லை, நிலத்தின் இன்னொரு விளைச்சல் என்று பார்க்க வைத்தால் காரியம் நடக்கும் என்பதற்கு ரைலி ஒரு சாட்சி.

வேளாண் துறையில் ஒரு பறவைப் பேராசிரியர்

1933-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் லியோபோல்டுக்காகவே ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்கியது. வேட்டை உயிரின மேலாண்மைக்கு அமெரிக்காவில் இதுதான் முதல் பேராசிரியர் பதவி. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அவரை உட்கார வைத்தது விலங்கியல் துறையில் இல்லை. வேளாண் பொருளாதாரத் துறையில்!

அவரும் வகுப்பறையோடு நிற்கவில்லை. வானொலியில் விவசாயிகளுக்காகப் பேசினார். விவசாயப் பத்திரிகையில், பனிக்காலத்தில் பறவைக்கு எப்படித் தீவனம் வைப்பது, எந்த மூலையைப் புதராக விடலாம் என்று எளிமையாக எழுதினார்.

அது அமெரிக்காவின் மோசமான காலமும்கூட. பிரெய்ரி எனப்படும் மாபெரும் புல்வெளிகளை உழுதுபோட்டதன் விலையை நாடு கொடுத்துக்கொண்டிருந்தது. 1930-களில் வறட்சி வந்தபோது, பிடித்து வைக்கப் புல்வேர் இல்லாத மண் புழுதிப் புயலாகக் கிளம்பியது. விஸ்கான்சினின் கூன் வேலி பகுதியில் மழைநீர் சரிவுகளை அரித்துப் பெரிய பெரிய ஓடைகளாகப் பிளந்தது.

1933-ல் அங்கே அமெரிக்காவின் முதல் நீர்ப்பிடிப்புப் பகுதி மண் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. லியோபோல்ட் அதன் ஆலோசகர்களில் ஒருவர். சரிவுக்குக் குறுக்கே உழவு, பட்டை பட்டையாகப் புல்லும் பயிரும் மாறி மாறி, செங்குத்தான இடங்களில் மாடு போகாமல் வேலி. நூற்றுக்கணக்கான விவசாயிகள் சேர்ந்தார்கள். மண்ணுக்காகச் செய்த வேலை பறவைகளுக்கும் இடம் கொடுத்தது.

கல்லறையில் ஒளிந்திருந்த புல்வெளி

லியோபோல்ட் பிறந்த ஐயோவா ஒரு காலத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பிரெய்ரி. இன்று அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை, எல்லாமே சோளமும் சோயாவும்தான். விஸ்கான்சினிலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

மிச்சமிருந்த துண்டுகள் எங்கே இருந்தன தெரியுமா? ரயில் பாதை ஓரத்திலும், கிராமத்துக் கல்லறைகளின் மூலையிலும். கலப்பையும் மாடும் போகாத இடங்கள் அவை மட்டும்தான். பண்ணைக்குப் போய்வரும் வழியில் ஒரு கல்லறை மூலையில் வருஷா வருஷம் பூத்த சில்ஃபியம் என்ற பிரெய்ரி செடியை லியோபோல்ட் கவனித்து வந்தார். ஒரு வருஷம் வேலியை எடுத்துவிட்டு அந்த மூலையையும் வெட்டிச் சுத்தம் செய்துவிட்டார்கள். அந்த வழியே போன எத்தனையோ பேரில் அது போனதைக் கவனித்தவர்கள் மிகச் சிலராகவே இருந்திருப்பார்கள் என்பது அவருடைய வருத்தம்.

போன புல்வெளியைத் திரும்ப உருவாக்க முடியுமா? மேடிசனில் பல்கலைக்கழகத்தின் ஆர்போரீட்டம் வளாகத்தில், பழைய பண்ணை நிலத்தில் அந்த முயற்சி 1930-களில் தொடங்கியது. லியோபோல்டும் சக விஞ்ஞானிகளும் வழிகாட்ட, வேலையில்லாத இளைஞர்களுக்கான அரசுத் திட்டத்தில் வந்தவர்கள் பிரெய்ரி செடிகளை நட்டார்கள். இன்று கர்ட்டிஸ் பிரெய்ரி என்று அழைக்கப்படும் அந்த இடம்தான், திட்டமிட்டு மீட்டெடுக்கப்பட்ட உலகின் மிகப் பழமையான புல்வெளி என்று கருதப்படுகிறது.

அவருடைய மாணவர்களான ஹேமர்ஸ்ட்ராம் தம்பதி, பிரெய்ரி கோழிகளை ஆராய்ந்தார்கள். வசந்த கால விடியலில் ஆண் கோழிகள் கழுத்துப் பையை ஊதி, காலால் தட்டி ஆடும் பறவை இது. காடைக்கு ஓரங்கள் வேண்டும். பிரெய்ரி கோழிக்கோ மரமில்லாத, பரந்த திறந்தவெளிப் புல் வேண்டும். ஆக, எல்லாப் பறவைக்கும் ஒரே மருந்து கிடையாது. லியோபோல்ட் இறந்த பிறகும் இந்தத் தம்பதி பல ஆண்டுகள் உழைத்து, மத்திய விஸ்கான்சினில் பிரெய்ரி கோழிக்கான நிலங்கள் வாங்கப்படக் காரணமாக இருந்தார்கள். அங்கே அந்தப் பறவை இன்னும் தாக்குப்பிடிக்கிறது.

கோழிக் கொட்டகையில் ஒரு குடும்பம்

1935-ல் விஸ்கான்சின் ஆற்றங்கரையில் கைவிடப்பட்ட ஒரு பண்ணையை வாங்கினார் லியோபோல்ட். 80 ஏக்கர், ஏக்கர் 8 டாலர். சோளம் போட்டுப் போட்டு சத்து இழந்த மணல் நிலம். வீடு எரிந்துபோய், பழைய கோழிக் கொட்டகை மட்டும் நின்றது. உள்ளே இருந்த எருவை வாரி வெளியே கொட்டிவிட்டு, அதையே வார இறுதி வீடாக்கினார்கள்.

ஒவ்வொரு வசந்தத்திலும் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் சேர்ந்து ஆயிரக்கணக்கான பைன் கன்றுகளை நட்டார்கள். ஆரம்பத்திலேயே அடி விழுந்தது. 1936 வறட்சியில் கன்றுகள் பெரும்பாலும் கருகின. மறுபடியும் நட்டார்கள். பிரெய்ரி புல்லையும் பூச்செடிகளையும் கொண்டுவந்து வைத்தார்கள்.

விடியலுக்கு முன் 3.30 மணிக்கே எழுந்து, காபியும் நோட்டுமாக வெளியே உட்கார்ந்துவிடுவார். எந்தப் பறவை எத்தனை மணிக்கு முதல் குரல் கொடுக்கிறது, அப்போது வெளிச்சம் எவ்வளவு என்று கருவி வைத்து அளந்து எழுதினார். எந்தப் பூ என்று பூத்தது, எந்தப் பறவை என்று வந்தது என்ற கணக்கும் தினமும் உண்டு. பல பத்தாண்டுகள் கழித்து மகள் நீனா அதே நிலத்தில் இந்தக் கணக்கைத் தொடர்ந்தார். அப்பாவின் நோட்டையும் மகளின் நோட்டையும் ஒப்பிட்டு 1999-ல் வந்த ஆய்வு, வசந்தம் முன்கூட்டியே வருவதைக் காட்டியது. பருவநிலை மாற்றத்துக்கு அந்த நோட்டுகள் ஆதாரமாகும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

லாபம் மட்டும் போதுமா?

இந்தக் காலத்தில்தான் லியோபோல்டின் எண்ணங்கள் இரண்டு இடங்களில் தலைகீழாக மாறின.

ஒன்று, ஓநாய் விஷயம். ஓநாயே இல்லாத நிலத்தில் மான்கள் பெருகி, இளஞ்செடிகளை எல்லாம் தின்று தீர்த்துவிட்டுப் பட்டினியில் சாவதைப் பார்த்தார். ஓநாயும் மானும் ஆரோக்கியமாக இருந்த மெக்சிகோ மலைகளையும் பார்த்தார். ஒரு காலத்தில் தான் செய்த பிரசாரம் தவறு என்று 1944-ல் எழுதிய கட்டுரையில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது, விவசாயி விஷயம். 1937-ல் விஸ்கான்சின் அரசு ஒரு சட்டம் போட்டது. மண்ணைக் காக்கும் விதிகளை விவசாயிகளே எழுதிக்கொள்ளலாம், அரசு தொழில்நுட்பமும் இயந்திரமும் தரும். நல்ல திட்டம்தானே? ஆனா விவசாயிகள் தங்களுக்கு உடனே லாபம் தரும் வேலைகளை மட்டும் செய்தார்கள். ஊருக்கும் மண்ணுக்கும் நல்லது, ஆனா தன் பைக்கு லாபமில்லை என்ற வேலைகளை விட்டுவிட்டார்கள். பத்து வருஷமாகியும் ஒரு மாவட்டம்கூட ஒரு விதிகூட எழுதவில்லை என்று லியோபோல்ட் பதிவு செய்தார்.

அவர் விவசாயியைத் திட்டவில்லை. பறவையால் லாபம் உண்டு என்று சொல்லித்தான் இவரே ஆரம்பத்தில் ஆட்களைச் சேர்த்தார். ஆனா வயலில் பாடும் பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு விலையே கிடையாது. தீவனப் புல் அறுக்கும் நேரத்தில் அதற்குள் கூடு கட்டியிருக்கும் பாபோலிங்க் போன்ற குருவியால் விவசாயிக்கு என்ன வருமானம் வரப்போகிறது? வெறும் லாபக் கணக்கில் பார்த்தால் அது தோற்றுத்தான் போகும்.

அதனால்தான் நில அறம் என்ற கருத்தை முன்வைத்தார். மனிதன் நிலத்துக்கு எஜமான் கிடையாது. மண், தண்ணீர், செடி, விலங்கு எல்லாம் சேர்ந்த ஒரு சமூகத்தில் அவனும் ஓர் உறுப்பினர். பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்யக் கூடாதது சில இருப்பதைப்போல, நிலத்துக்கும் செய்யக் கூடாதது சில உண்டு. சட்டம் வருவதற்கு முன்பே வசந்த கால வேட்டையை நிறுத்திய அவருடைய அப்பா செய்ததும் இதைத்தான்.

தீயில் முடிந்த வாழ்க்கை

இந்தக் கட்டுரைகளைப் புத்தகமாக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின, மாற்றி எழுதச் சொன்னன. கடைசியில் 1948 ஏப்ரல் 14-ம் தேதி ஆக்ஸ்ஃபோர்ட் பதிப்பகத்திலிருந்து புத்தகம் ஏற்கப்பட்டதாகத் தகவல் வந்தது.

சரியாக ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 21. குடும்பத்தோடு பண்ணையில் இருந்தபோது பக்கத்து நிலத்தில் புல்வெளித் தீ பரவியது. அணைக்க ஓடினார். தீயோடு போராடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு ஏற்பட்டு அங்கேயே உயிர் பிரிந்தது. வயது 61.

எ சாண்ட் கவுண்டி அல்மனாக் என்ற அந்தப் புத்தகம், மகன் லூனாவின் மேற்பார்வையில் 1949-ல் வெளியானது. முதலில் பெரிய பரபரப்பு இல்லை. 1960-களின் இறுதியிலும் 70-களிலும் சுற்றுச்சூழல் இயக்கம் எழுந்தபோதுதான் லட்சக்கணக்கில் விற்றது. இதுவரை 20 லட்சம் பிரதிகளைத் தாண்டிவிட்டது.

இன்று நிலைமை என்ன?

1985-ல் அமெரிக்க அரசு, அரிப்புக்கு உள்ளாகும் நிலத்தில் பயிர் வைக்காமல் புல் வளர்த்தால் விவசாயிக்கு வாடகை தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. புல்வெளிப் பறவைகள் பலவற்றுக்கு அது கைகொடுத்தது. ஆனாலும் சரிவு நிற்கவில்லை. 2019-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, 1970-க்குப் பிறகு வட அமெரிக்கப் புல்வெளிப் பறவைகளில் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டன. வேறெந்த வாழிடப் பறவைகளும் இந்த அளவுக்குக் குறையவில்லை.

அதே நேரம் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சாண்ட்ஹில் கொக்கு என்ற பெரிய பறவை, 1930-களில் விஸ்கான்சினில் சுமார் 25 ஜோடிகள் என்ற நிலைக்கு வந்திருந்தது. சதுப்புகள் காய்வதைப் பார்த்த லியோபோல்ட், இது இனி பிழைக்காது என்ற அச்சத்தோடு எழுதினார். இன்று அங்கே பல்லாயிரக்கணக்கில் திரிகிறது.

இப்போது பிரச்னை வேறு. விதைத்த சோளத்தை முளைவிடும் நேரத்தில் இந்தக் கொக்குகள் பிடுங்கித் தின்கின்றன. விவசாயிகள் கோபப்படுகிறார்கள், வேட்டைக்கு அனுமதி கேட்கும் குரலும் எழுகிறது. லியோபோல்டின் பழைய பண்ணை இருக்கும் பாராபூ பகுதியில்தான் சர்வதேச கொக்கு அறக்கட்டளையும் இயங்குகிறது. கொக்குக்குப் பிடிக்காத, ஆனா அதைக் கொல்லாத ஒரு பொருளை விதையில் பூசும் முறைக்காக அதன் ஆய்வாளர்கள் உழைத்தார்கள். பூசிய விதையைக் கொக்கு விட்டுவிடுகிறது. அதே வயலில் புழுவையும் பழைய தானியத்தையும் தின்றுகொள்கிறது.

முறை வேலை செய்கிறது. ஆனா அந்த விதைப்பூச்சுக்கு ஆகும் செலவை விவசாயி ஏற்பதா, அரசு ஏற்பதா, கொக்கைப் பார்த்து ரசிக்கும் ஊர்மக்கள் ஏற்பதா என்ற விவாதம் விஸ்கான்சினில் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.